பூஞ்சை படர்ந்த நெகட்டிவ்களும் முனைவர் பட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் புகைப்படக் கலைஞர். மூடப்பட்ட பழைய ஸ்டுடியோக்களில் கிடக்கும் நெகட்டிவ்களைச் சேகரித்து, பூஞ்சை படர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, இருட்டறையில் பெரிதாக அச்சிடுகிறேன். சில கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. வருமானத்துக்கு வேறு வேலை. படைப்பையே ஆய்வாகக் கொண்டு முனைவர் பட்டம் செய்யலாம், அதற்கு உதவித்தொகையும் உண்டு என்று அறிந்து இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று, "நல்ல கலைத்திட்டம், ஆனால் ஆய்வாக இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. இன்னொன்று இடம் தந்தது, நிதி தரவில்லை. சேமிப்பைப் போட்டுச் சேர்ந்துவிடலாமா? கோட்பாடு படித்து எழுத ஆரம்பித்தால் கை போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்கு வயது 41. தாமதமாகிவிட்டதோ என்றும் தோன்றுகிறது. முன்மொழிவை இணைத்திருக்கிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில். நிதியில்லாத அந்த இடத்தில் சேராதீர்கள். படைப்பு சார்ந்த ஆய்வில் கல்விக் கட்டணம் ஒரு பகுதிச் செலவுதான். காகிதம், ரசாயனம், சட்டகம், தேர்வாளர்கள் பார்ப்பதற்கான கண்காட்சியை அமைப்பது என்று மற்றதெல்லாம் அதற்கு மேல் வரும். சொந்தப் பணத்தில் சேர்ந்தவர்கள் கட்டணத்துக்காக வேலை நேரத்தைக் கூட்டுவார்கள். அப்போது முதலில் குறைவது இருட்டறையில் இருக்கும் நேரம். எதற்காகச் சேர்ந்தார்களோ அதுவே போய்விடும். இடம் தந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஒரு நெறியாளர் உங்கள் வேலையை நம்புகிறார் என்று பொருள். சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அடுத்த நிதிச் சுற்றில் மறுபடி போட்டியிட முடியுமா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். பல இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

இனி அந்த ஒற்றை வரி மறுப்பு. உங்கள் முன்மொழிவை இரண்டு முறை படித்தேன். மறுத்தவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் தவறு உங்கள் வேலையில் இல்லை. முதல் பக்கத்தில் நினைவு, மறதி, காலத்தின் அழிவு பற்றி எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பெரிய அச்சுகள், ஒரு கண்காட்சி, ஒரு நூல் என்று முடித்திருக்கிறீர்கள். செய்து முடித்தால் எதைப் புதிதாக அறிந்திருப்போம் என்பதற்கு அதில் பதில் இல்லை. நான்காம் பக்கத்தில், கருவிகளைப் பட்டியலிடும் இடத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ஒளியை லென்ஸால் குவித்து அனுப்பும் கண்டென்சர் தலை உள்ள என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) பூஞ்சை இழைகள் கூர்மையாக விழுகின்றன, ஒளியைச் சிதறடித்துப் பரப்பும் டிஃப்யூஷன் தலைக்கு மாற்றினால் அதே நெகட்டிவில் முகம் முன்னால் வந்து பூஞ்சை பின்வாங்குகிறது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

உங்கள் ஆய்வு அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது. நெகட்டிவில் படத்தின் வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்கும் படலமான ஜெலட்டினைத் தின்று பூஞ்சை வளர்கிறது. தின்ற இடத்தில் வெள்ளித் துகளும் போய்விடுவதால் அச்சில் அங்கே கறுப்பு விழுகிறது. வளர்ச்சி மேலே அடர்ந்து நிற்கும் இடத்தில் ஒளி சிதறி அச்சு வெளுக்கிறது. ஆக, ஒரே பூஞ்சை ஓரிடத்தில் இழப்பாகவும் இன்னோரிடத்தில் சேர்க்கையாகவும் பதிவாகிறது. ஆவணப் பாதுகாப்பாளருக்கு இரண்டும் சேதம். அவர் கடமை வளர்ச்சியை நிறுத்துவது. பூஞ்சை தாக்கிய ஜெலட்டின் நீரில் கரையக்கூடியதாகிவிடும் என்பதால் அதை நனைக்கக்கூட அவர் தயங்குவார். அச்சிடுகிற நீங்களோ விளக்கையும் காகிதத்தையும் எக்ஸ்போஷரையும் (காகிதத்தில் ஒளி விழும் நேரம்) மாற்றி மாற்றி, எது படம், எது சேதம் என்று ஒவ்வொரு தாளிலும் தீர்மானிக்கிறீர்கள். அந்தத் தீர்மானம் எதை வைத்து நடக்கிறது? சிதைந்த நெகட்டிவை அச்சிடும்போது அதில் இருப்பவரின் முகத்துக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம், அந்தப் பொருளின் பிந்தைய வாழ்க்கைக்கு எவ்வளவு? நூலகத்தில் உட்கார்ந்து இதற்குப் பதில் காண முடியாது. அச்சிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பட்டமே இருக்கிறது.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் எழுதிய சிறு கட்டுரையில் கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தார். கலைக்காக நாம் செய்யும் தேடல் எல்லோரும் செய்வது. அதன் விளைவு படைப்பிலேயே அடங்கிவிடும். அதற்குப் பட்டம் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது நேரமும் பணமும் நிம்மதியாக அச்சிட ஓர் இருட்டறையும் மட்டும்தான் என்றால், கலைஞர் உறைவிடத் திட்டங்களுக்கும் படைப்பு நல்கைகளுக்கும் விண்ணப்பியுங்கள். அவை யாரிடமும் எதையும் நிரூபிக்கச் சொல்வதில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பல நல்ல கலைஞர்களுக்கு அதுவே சரியான வழி. ஆனால் நான்காம் பக்கத்தை எழுதியவர் இரண்டாவது வகையை, அதாவது கலையின் வழியாக ஆய்வு செய்பவர்களைச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன்.

நிதி எப்படி வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைப் பொறுத்து விண்ணப்பத்தின் வடிவமும் மாறவேண்டும். சுவீடனிலும் நார்வேயிலும் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளர். சுவீடனில் கலைகளுக்கென்று தனி முனைவர் பட்டம் 2010 முதல் உண்டு. ஆய்வுக்காலம் நான்கு ஆண்டு, துறையில் கற்பிக்கும் பணியும் சேர்ந்தால் ஐந்து வரை நீளும், கல்விக் கட்டணம் கிடையாது. நார்வே 2003-ல் கலைஞர்களுக்கான ஆய்வு நல்கையாகத் தொடங்கியதை 2018-ல் முனைவர் பட்டமாகவே ஆக்கியது. இவை வேலை விளம்பரமாக வரும்; இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. படைப்புத் தொகுப்புக்கு அங்கே கனம் அதிகம்.

பிரிட்டனில் ஏஎச்ஆர்சி என்னும் கலை, மானுடப் புலங்கள் ஆய்வுக் கழகத்தின் நிதி பல்கலைக்கழகங்கள் வழியாகத்தான் வரும். முதலில் சேர்க்கை, அதற்குமேல் நிதிக்கான தேர்வு என்று இரண்டு வாசல்கள். நீங்கள் முதல் வாசலைத் தாண்டி இரண்டாவதில் நின்றிருக்கிறீர்கள். 2021 முதல் வெளிநாட்டவருக்கும் அதில் ஒரு பங்கு திறந்துவிடப்பட்டிருக்கிறது. அறிவிப்புகள் ஆண்டுதோறும் மாறும், எனவே பழைய விதிகளை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு நான் குறிப்பாகப் பரிந்துரைப்பது, ஓர் அருங்காட்சியகமோ ஆவணக் காப்பகமோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வுப் பொருளை முன்பே வகுத்து அறிவிக்கும் கூட்டு ஆய்விடங்களை. சேதமுற்ற நெகட்டிவ் சேகரிப்பு உள்ள ஒரு நிறுவனத்துக்கு உங்களைப் போன்ற ஒருவர் கிடைப்பது அரிது. ஆஸ்திரேலியாவில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே முந்தைய ஆய்வுப் பட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் எடை அதிகம். அமெரிக்காவில் எம்எஃப்ஏ என்னும் நுண்கலை முதுகலைப் பட்டம்தான் ஓவியர், சிற்பி, புகைப்படக்காரர்களின் இறுதிப் பட்டமாக நெடுங்காலம் இருந்துவருவதால் இத்தகைய முனைவர் இடங்கள் குறைவு.

எங்கே போனாலும் கேட்க வேண்டிய சில கேள்விகளைக் கலைஞர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். இருட்டறைக்குச் சாவி கிடைக்குமா, வாரத்தில் எத்தனை நாள்? உதவித்தொகைக்கு வெளியே பொருட்செலவுக்குத் தனி நிதி உண்டா? இறுதிக் கண்காட்சிக்கு இடம் யார் பொறுப்பு? இரண்டாம் நெறியாளராக வேறு துறையிலிருந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கு ஒருவர் அச்சுக்கலை தெரிந்தவராகவும் இன்னொருவர் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். இந்த இரண்டாம் நபர் இல்லாத துறைக்கு, அது எவ்வளவு புகழ்பெற்றதானாலும், போகாதீர்கள்.

எழுத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். படைப்போடு சமர்ப்பிக்கும் எழுத்துப் பகுதி, பல பல்கலைக்கழகங்களில் 30,000 முதல் 40,000 சொற்கள். வழக்கமான ஆய்வேட்டில் பாதிதான். அதில் உங்கள் அச்சுகளுக்கு நீங்களே விளக்கவுரை எழுதக்கூடாது. பெரிய தத்துவவாதிகளின் மேற்கோள்களைக் கொண்டு அவற்றுக்கு முட்டுக்கொடுக்கவும் கூடாது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே நீங்கள் எடுத்த முடிவை, இன்னொரு கலைஞர் பிடித்துக்கொண்டு மேலே போகும்படி எழுதினால் போதும். கை போவது, படித்ததற்கு ஏற்ப அச்சை வளைக்கும்போதுதான். அச்சில் கண்டதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நேர்ந்து நான் பார்த்ததில்லை. நான் தேர்வாளராக இருந்த இடங்களில் வலுவாக நின்ற எழுத்துகள் எல்லாம் வேலைக் குறிப்பேட்டிலிருந்து வளர்ந்தவை. இன்றே ஒன்று தொடங்குங்கள்: நெகட்டிவ் எண், விளக்கின் வகை, காகிதம், எக்ஸ்போஷர் விநாடிகள், ஏன் இதை வைத்துக்கொண்டேன், ஏன் அதைக் கழித்தேன். கழித்த தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். கண்காட்சி கலைந்த பிறகும் ஆய்வு எங்காவது நிலைத்திருக்க வேண்டும் என்பதால், ஆவணப்படுத்தல் சமர்ப்பிப்பின் பகுதியாகவே கேட்கப்படும். வாய்மொழித் தேர்விலும் புறத்தேர்வாளர் விரல் வைப்பது பெரும்பாலும் நீங்கள் கழித்துவிட்ட அச்சின் மேல்தான்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனின் ஆய்வுக் கழக நிதிகளுக்கு வயது வரம்பு கிடையாது. இந்தத் துறைக்குப் பல ஆண்டு படைப்பு அனுபவத்துக்குப் பின் வருபவர்கள் ஏராளம். தேர்வுக் குழுக்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பட்டம் பெற்றால் கற்பிக்கும் வேலை உறுதி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்த வேலைகள் மிகக் குறைவு.

பிரிட்டனில் பெரும்பாலான நிதிச் சுற்றுகள் டிசம்பர், ஜனவரியில் மூடும். நெறியாளரோடு பேச்சு அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். நான்காம் பக்கத்தை முதல் பக்கமாக்கி, ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு விளக்குகளிலும் எடுத்த இரண்டு அச்சுகளை அருகருகே வைத்து, அதன் கீழே உங்கள் கேள்வியை எழுதுங்கள். நினைவு, மறதி பற்றிய பத்திகளை எடுத்துவிடலாம். திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.