கார்பனுக்கு எண்ணிக்கை உண்டு, மெக்னீசியத்துக்கு ஏன் இல்லை?

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு என்று, 'டை' (இரண்டு) சேர்த்து எண்ணிச் சொல்கிறோம். மெக்னீசியம் குளோரைடிலும் குளோரின் இரண்டுதானே? அதை மட்டும் ஏன் எண்ணுவதில்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: மெக்னீசியம் உலோகம். சேர்மங்களில் அது வழக்கமாக இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியாவதால் (மின்சுமை பெற்ற அணுவாவதால்), ஓர் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் இரண்டு சேர்ந்தாக வேண்டும். எண்ணைச் சொல்லாமலே கணக்கு விளங்கிவிடும்.

எலக்ட்ரான்களைப் பகிர்ந்து மூலக்கூறாகும் அலோகங்களிடம் இந்த உறுதி கிடையாது. நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பாருங்கள். பல் மருத்துவர்கள் வலி தெரியாதிருக்கத் தரும் சிரிப்பூட்டும் வாயு, டை நைட்ரஜன் மோனாக்சைடு, அதற்கு நிறமில்லை. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடோ செம்பழுப்பு நிறமுள்ள நச்சு வாயு. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்தால் டை நைட்ரஜன் டெட்ராக்சைடு, நிறம் மறைந்துவிடும். இவை எல்லாவற்றையும் வெறும் 'நைட்ரஜன் ஆக்சைடு' என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. ஆகவேதான் ஒன்று முதல் ஐந்து வரை முறையே குறிக்கும் மோனோ, டை, டிரை, டெட்ரா, பென்டா என்னும் கிரேக்க வழி முன்னொட்டுகள்.

முதலில் வரும் தனிமத்தில் ஓர் அணு மட்டுமே இருந்தால் 'மோனோ' சேர்ப்பதில்லை; மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கார்பன் மோனாக்சைடு என்பதே சரி, 'மோனோ கார்பன்' அன்று. தண்ணீரை மட்டும் எந்த வேதியியலாரும் டை ஹைட்ரஜன் மோனாக்சைடு என்று கேட்டு வாங்கிக் குடிப்பதில்லை. நீர், அம்மோனியா போன்றவற்றுக்குப் பழைய பெயர்களே நிலைத்துவிட்டன.