எதிர்ப்பு ரகக் கரும்பிலும் செவ்வழுகல் வருவது ஏன்?

நோய் தாங்கும் என்று வெளியிட்ட ரகத்திலேயே சில வருடம் கழித்து செவ்வழுகல் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மாறுவது ரகம் அல்ல, இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைதான். ஒரே ரகம் பெரும்பரப்பில் நின்றால், அதைத் தாக்கக்கூடிய பூஞ்சை வகை பெருகிப் பரவும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய கோ 0238 என்ற ரகம் உத்தரப் பிரதேசத்தில் இப்படித்தான் அடிபட்டது. விளைச்சலும் சர்க்கரைச் சத்தும் அதில் அருமை. அதனாலேயே பெரும்பாலோர் அதையே நட்டார்கள்.

சந்தேகம் வந்தால் கரும்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகளோடு புளித்த சாராய வாடை அடித்தால் இதுதான். அந்தத் தூரை எந்த மருந்தும் காப்பாற்றாது. வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அங்கே பாய்ந்த தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகவிடாதீர்கள்.

நோய் முக்கியமாக விதைக்கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு, வழியாகத்தான் வருகிறது. கரணையின் வெட்டுமுனையில் சிவப்பு தெரிந்தால் அந்தக் கரும்பையே ஒதுக்குங்கள். நோய் கண்ட வயலில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளரும் பயிர்) விடவே கூடாது. செலவு மிச்சம் என்று தோன்றும், ஆனால் நஷ்டம் பெருகுவது அங்கேதான். மீதிக் கரும்பைச் சீக்கிரமே வெட்டி உடனே ஆலைக்கு அனுப்புங்கள். அப்புறம் ஒரு போகமாவது நெல் போட்டுவிட்டு, வேறு ரகத்துக்கு மாறுங்கள்.