காதுச் சொட்டு மருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மருந்தை விட்டதும் தலை சுற்றுகிறது. ஏன்?

பதில்: குளிர்ந்த திரவம் உள்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டுவதால் வரும் சுற்றல் அது, சற்று நேரத்தில் அடங்கிவிடும். புட்டியைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து, குளிர் போன பிறகு விடுங்கள்.

கேள்வி: ஏழு நாள் விடச் சொன்னார் மருத்துவர். மூன்றாம் நாளே வலி நின்றுவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: கூடாது. இத்தகைய மருந்துகள் பலவற்றில் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டும் கலந்திருக்கும்; வீக்கத்தையும் வலியையும் விரைவில் தணிப்பதில் அந்த ஸ்டீராய்டுக்குப் பங்குண்டு. வலி நின்றதால் கிருமி ஒழிந்தது என்று பொருளில்லை.

கேள்வி: சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து பாதி மீதமிருக்கிறது. மகளுக்குக் காதில் சீழ் வடிகிறது. அதையே விடலாமா?

பதில்: மகளின் வயதையும் எழுதவில்லை, மருந்தின் பெயரையும் எழுதவில்லை, இப்படிக் கேட்டால் எவரால் பதில் சொல்ல முடியும்? திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதை எத்தனை முறை எழுதினாலும் வீட்டு அலமாரிகளில் பழைய புட்டிகள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. சீழ் வடியும் காதில் செவிப்பறை ஓட்டையாகியிருக்கக்கூடும். நியோமைசின், ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்துகள் அந்த ஓட்டை வழியே நடுக்காதில் இறங்கி உள்காதை எட்டினால், கேட்கும் திறனுக்கும் சமநிலைக்கும் ஆதாரமான நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்க வல்லவை, சிதைந்த செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் ஓட்டையுள்ள காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகையைத் தேர்ந்தெடுக்கிறோம். செவிப்பறையைப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்க இயலாது. மருந்துக் கடையில் "காதுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்பதும், எந்தக் கேள்வியுமின்றி ஒன்றை எடுத்துக் கொடுப்பதும் எனக்குத் தீராத மனக்குறை. குழந்தையை உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது.

கேள்வி: மூன்று வாரமாக விட்டும் அரிப்பு கூடுகிறது, துடைத்தால் கறுப்புத் துகள்கள் வருகின்றன.

பதில்: பெரும்பாலும் பூஞ்சை. ஆன்டிபயாடிக் காதின் இயல்பான பாக்டீரியாக்களைக் கொல்ல, ஸ்டீராய்டு அவ்விடத்து எதிர்ப்பைத் தளர்த்த, ஈரமான காதில் பூஞ்சைக்கு வசதியாகிவிடுகிறது. காதைச் சுத்தம் செய்து, குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி தர வேண்டியிருக்கும். பட்ஸ் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சொட்டு மருந்து விட்டும் இரவில் காது வலியால் தூங்க முடியவில்லை.

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு சூடோமோனாஸ் கிருமி காதுக்குழாயிலிருந்து மண்டையோட்டின் அடி எலும்புவரை பரவக்கூடும். அதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது.