காற்று கலப்பதைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அண்ணாச்சி, நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். எம்எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு, நடு வளிமண்டலத்தில் காற்று கலப்பதை ஆராயப் போகிறேன் என்று மகள் சொன்னதும் பயந்துவிட்டீர்கள்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். மலையில் மோதும் காற்றும் இடிமேகமும் கிளப்பும் அலைகள் மேலே ஏறுகின்றன. போகப் போகக் காற்று மெலிவதால் அலை பெருத்து, எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்தில் திருச்செந்தூர்க் கரையில் உடைவது போல உடைகிறது. அந்தக் கொந்தளிப்பு, டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி, காற்றை மேலும் கீழும் கலக்கிவிடும். சுமார் 100 கிலோமீட்டர் வரை நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பது இதனால்தான். அதற்கு மேலே ஆற்ற ஆளில்லை. கனத்த வாயு கீழே, லேசானது மேலே என்று பிரிந்துவிடும்.

திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அந்த உயரத்துக் காற்றை அளக்க 1990களிலேயே அங்கே ரேடார் வைத்தார்கள். திருப்பதி பக்கம் காதங்கியில் இன்னும் பெரியது, 1024 ஆண்டெனாக்கள். மேலிருந்து திரும்பி வரும் எதிரொலி மிக மெலிசு. இரைச்சலில் இருந்து அதைப் பிரித்தெடுக்கும் கணக்குதான் அன்றாட வேலை. செல்போன் சிக்னலுக்கும் ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கும் அடிப்படை அதே கணக்குதான். அதனால் வானத்தை விட்டு வந்தாலும் பிழைப்புக்கு வழி உண்டு.

சரி, பணம். ஆய்வுப் படிப்பில் சேர எழுதும் நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகளில் ஒன்றில் நல்ல இடம் பிடித்து ஆய்வகத்தில் சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. எனக்குக் கவலை அதற்குப் பிறகுதான். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருஷம், அப்புறம் பெரும்பாலும் வெளிநாட்டில் இரண்டு மூன்று வருஷம். நிரந்தர விஞ்ஞானி வேலை குறைவு. வீட்டுக்கடனை அவள் சம்பளத்தில்தான் அடைக்க வேண்டும் என்றால் நானே வேண்டாம் என்பேன். உங்களுக்கு அந்த நிலைமை இல்லையே.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்யட்டும். ரேடார் தரவை வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் பைத்தான் மொழியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது பிடிக்கிறதா, சலிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதுவரை அந்த பி.எட். விண்ணப்பம் உங்கள் மேசை டிராயரிலேயே கிடக்கட்டும்.