52 சதவீத வாக்கு வாங்கியும் ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநில முதல்வர் டான் டன்ஸ்டன் 1968-ல் ஆட்சியை இழந்தது எப்படி?

தொகுதிப் பங்கீடுதான் காரணம். தெற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றத்தில் அப்போது 39 இடங்கள்: அடிலெய்ட் நகருக்கு 13, கிராமப்புறத்துக்கு 26. ஆனால் மக்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். டன்ஸ்டனின் தொழிற்கட்சிக்கு விழுந்த வாக்குகள் நகரத் தொகுதிகளிலேயே குவிந்து வீணாயின. 1967 ஜூனில் முதல்வரான அவருக்கு மறு ஆண்டுத் தேர்தலில் 19 இடங்கள், எதிர்த்தரப்புக்கும் 19. மிஞ்சிய ஒரே சுயேச்சை டாம் ஸ்டாட் எதிர்த்தரப்பை ஆதரித்தார், ஆட்சி கைமாறியது.

அடுத்து முதல்வரான ஸ்டீல் ஹாலைப் பாராட்டியே ஆகவேண்டும். தன் கட்சிக்குப் பாதகம் என்று தெரிந்தும் இடங்களை 47 ஆக்கி, நகரத்துக்குப் பெரும்பான்மை கொடுத்தார். 1970-ல் தொழிற்கட்சி 27 இடங்களைப் பிடித்தது. டன்ஸ்டன் திரும்பினார், உடல்நலம் குன்றி 1979 பிப்ரவரியில் விலகும்வரை பதவியில் இருந்தார்.

ஃபிஜியில் 1926-ல் பிறந்த வழக்கறிஞர் அவர்; 1953-லிருந்து நார்வுட் தொகுதி உறுப்பினர். அமைச்சராக இருந்தபோதே, 1966-ல், பழங்குடியினர் நில அறக்கட்டளைச் சட்டத்தையும் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஒருபால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து 1975-ல் நீக்கியதில் ஆஸ்திரேலியாவுக்கே அவர் மாநிலம் முன்னோடி. காலி பானப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் காசு தரும் திட்டம் 1977-ல் அமலானது, இன்றும் நடக்கிறது.