திரையில் தெரியும் விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள்

கேள்வி: கல்லூரியில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பிரிவும் சேர்த்து 120 மாணவர்கள். வாரம் ஒரு அசைன்மென்ட். பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் கூகுளின் கொலாப் நோட்புக்கில் செய்து லிங்க் அனுப்பச் சொல்கிறேன். நிறைய லிங்க் திறப்பதே இல்லை, அனுமதி கேட்கிறது. சிலர் கெடு முடிந்த பிறகும் உள்ளே போய்த் திருத்துகிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்து மதிப்பெண் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு, "அவன் விடையும் என் விடையும் ஒன்றுதானே, எனக்கு மட்டும் ஏன் குறைவு?" என்று சண்டை. தானாகத் திருத்தும் மென்பொருள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மென்பொருள் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் இப்போது வாங்கும் விதத்திலேயே வாங்கிக்கொண்டு அதன்மேல் மென்பொருளை மாட்டினால், ஞாயிறோடு சனிக்கிழமையும் போய்விடும். முதலில் வாங்கும் விதத்தை மாற்றுங்கள்.

லிங்க் வாங்குவதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். அது விடைத்தாளை மாணவரின் பையிலேயே விட்டுவிட்டு, பை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருவது மாதிரி. கொலாபின் ஃபைல் மெனுவிலிருந்து நோட்புக்கை டவுன்லோடு செய்து, அசைன்மென்ட் வாங்க நீங்கள் பயன்படுத்தும் கூகுள் கிளாஸ்ரூமிலோ மூடிலிலோ கோப்பாகவே ஏற்றச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் பதிவு எண் இருக்கட்டும். அனுமதிப் பிரச்சினை, கெடு தாண்டித் திருத்தும் பிரச்சினை இரண்டும் இதோடு தீர்ந்தன. நீங்கள் கொடுக்கும் கேள்வி நோட்புக்கையும் பார்வைக்கு மட்டும் என்று பகிருங்கள்; டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு வேலை செய்யட்டும். திருத்தும் உரிமையோடு பகிர்ந்துவிட்டால் ஒருவர் அழித்தது அத்தனை பேருக்கும் அழியும்.

இனி முக்கியமான விஷயம். நோட்புக்கைத் திறந்து, கோடுக்கு (நிரலுக்கு) கீழே தெரியும் விடையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அந்த விடைக்கு எந்த மதிப்பும் கிடையாது. நோட்புக் கோப்பு ஒன்றைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஜேசன், அதாவது தரவை வெறும் எழுத்தாக எழுதிவைக்கும் ஒரு முறை. கோடு ஒரு பக்கம், எப்போதோ ஓடியபோது வந்த அவுட்புட் இன்னொரு பக்கம், இரண்டும் வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவுட்புட் வந்த பிறகு கோடை மாற்றினாலும், மறுபடி ஓட்டாதவரை பழைய அவுட்புட் அப்படியே நிற்கும். நினைத்தால் கையாலேயே மாற்றி எழுதலாம்.

ஏமாற்றுகிறவர்களை விடுங்கள், அவர்கள் கொஞ்சம் பேர்தான். நல்ல மாணவர்களும் இதில் மாட்டுகிறார்கள். நோட்புக்கில் கோடு எழுதும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு செல். அதன் இடது ஓரத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள், அது எத்தனையாவதாக ஓடியது என்பதைச் சொல்லும். மேலிருந்து கீழே 3, 17, 5, 42 என்று தாறுமாறாக இருந்தால் மாணவர் மேலிருந்து கீழாக ஓட்டவில்லை, முன்னும் பின்னுமாக ஓட்டியிருக்கிறார். நடுவில் ஒரு செல்லில் பட்டியலை உருவாக்கி, பிறகு அந்தச் செல்லையே நீக்கியிருப்பார். கோடை ஓட்டும் கெர்னலின் நினைவில் பட்டியல் இன்னும் இருப்பதால் அவரிடம் எல்லாம் ஓடும். உங்களிடம் அந்தப் பெயரே தெரியாது என்று பிழை வரும். "என்கிட்ட ஓடுச்சே!" என்று அவர் சொல்வது பொய் இல்லை. இது மாணவர்களுக்கு மட்டும் வருகிற நோயும் இல்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, புரோகிராமர்கள் கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி, ஓட்டக்கூடிய நிலையில் இருந்தவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்தது. பிழையில்லாமல் ஓடியவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். முன்பு வந்த விடையே திரும்ப வந்தவை 4 சதவீதம்.

ஆகவே, அனுப்புவதற்கு முன் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை எல்லா செல்லையும் ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று கேள்வித்தாளின் முதல் வரியிலேயே போடுங்கள். ஓடாத நோட்புக் திருப்பி அனுப்பப்படும் என்றும் போடுங்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி, மென்பொருள். ஜூப்பிட்டர் நோட்புக்குகளுக்கென்றே (கொலாபில் இருப்பதும் அந்த வகைதான்) இருப்பது என்பிகிரேடர், இலவசம். விடையோடு சேர்த்து ஒரே ஒரு நோட்புக்கை நீங்கள் எழுதுகிறீர்கள். விடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு கமென்ட் வரிகளால் குறிக்கிறீர்கள். மாணவருக்கான பிரதியில் அந்தப் பகுதியை அதுவே வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் கோடை இங்கே எழுதுங்கள் என்று வைத்துவிடும். கீழே விடை சரியா என்று பார்க்கும் டெஸ்ட் செல்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மாணவர் கண்ணில் படாத டெஸ்டும் வைக்கலாம். திருத்தும்போது டெஸ்ட் செல்களை உங்கள் மூலப்பிரதியிலிருந்து மறுபடி எழுதிவிட்டுத்தான் ஓட்டும், அதனால் டெஸ்டை மாற்றிவைத்து யாரும் மதிப்பெண் வாங்க முடியாது. விளக்கி எழுதும் கேள்விகளை மட்டும் உங்கள் முன் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டர் கிரேடரும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. என்பிகிரேடர் ஒவ்வொரு செல்லையும் அதன் உள்ளே ஒளிந்திருக்கும் அடையாளப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். மாணவர் அந்தச் செல்லை நகலெடுத்து ஒட்டினாலோ நீக்கினாலோ குழம்பிவிடும். கொடுத்த செல்லைத் தொடாதே, வேண்டுமானால் புதுச் செல் சேர்த்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். மாணவர்கள் கொலாபில் செய்வதால், வகுப்புக்கு அனுப்பும் முன் நீங்களே ஒரு பிரதியைக் கொலாபில் ஏற்றி, நிரப்பி, டவுன்லோடு செய்து, திருத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் நேரத்தைச் சாப்பிடப்போவது கேள்வி தயாரிப்பதுதான். அங்கே நேரம் போகட்டும், பரவாயில்லை. "பட்டியலின் சராசரியைக் கண்டுபிடித்து அச்சிடு" என்று கேட்டால் ஒருவர் 'சராசரி 7.5' என்பார், ஒருவர் வெறும் 7.5, ஒருவர் 7.50. இயந்திரத்துக்கு இவை மூன்றும் வேறு வேறு. ஃபங்ஷனின் பெயரை நீங்களே கொடுங்கள். உள்ளே என்ன வரும், என்ன திருப்பித் தர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அச்சிடுவதற்கும் திருப்பித் தருவதற்கும் உள்ள வித்தியாசம் பாதி வகுப்புக்குத் தெரியாது என்பது முதல் வாரத்திலேயே வெளிவரும். அதுவும் நல்லதுதான்.

டெஸ்டைப் பெரிதாக ஒன்றாக எழுதாதீர்கள். 10 மதிப்பெண்ணுக்கு ஒரே டெஸ்ட் செல் என்றால், கடைசி வரியில் ஒரு சின்னத் தப்பு செய்தவரும் ஒன்றுமே எழுதாதவரும் பூஜ்யத்தில் சேர்ந்து நிற்பார்கள். சாதாரணப் பட்டியலுக்கு 4, எதிர்ம எண்களுக்கு 2, ஒரே எண் உள்ள பட்டியலுக்கு 2, காலிப் பட்டியலுக்கு 2 என்று உடையுங்கள். காலிப் பட்டியல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்க வேண்டும். சொல்லாததைச் சோதித்தால் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. தசம எண்களை 'சமமா?' என்று நேரடியாக ஒப்பிடவே கூடாது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் வருவது 0.30000000000000004. சரியாகச் செய்தவருக்கு பூஜ்யம் போடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. இப்படிப்பட்ட மிகச் சின்ன வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒப்பிடும் ஃபங்ஷன் பைத்தானின் மேத் நூலகத்திலேயே இருக்கிறது.

பயனரிடம் விடை கேட்டு வாங்கும் இன்புட் வரியை அசைன்மென்டில் தடை செய்யுங்கள். தானாக ஓடும்போது தட்டச்சு செய்ய அங்கே ஆள் கிடையாது, அந்த இடத்திலேயே பிழை வந்து நின்றுவிடும். டேட்டா கோப்பைத் தன் டிரைவிலிருந்து முழுப் பாதை கொடுத்துப் படிப்பதும் அதே கதைதான், அந்தப் பாதை உங்களிடம் இருக்காது. முடியாத லூப்புக்கு நேர வரம்பு வையுங்கள். அப்புறம், 120 பேருடைய கோடை உங்கள் மதிப்பெண் பட்டியலும் சொந்தக் கோப்புகளும் இருக்கும் லேப்டாப்பில் நேரடியாக ஓட்டாதீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுத வேண்டியதில்லை, கோப்பை நீக்கும் வரியில் பாதை ஒன்று தவறினாலே போதும். உங்கள் கோப்புகளைத் தொடாதபடி கோடைத் தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுங்கள்.

காப்பி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். ஸ்டான்ஃபோர்டின் மாஸ் போல ஒற்றுமை பார்க்கும் கருவிகள் உண்டு. ஐந்து வரி விடையில் அவற்றால் பெரிய பயன் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அதைவிட, பதிவு எண்ணையே ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் விதையாக வைத்து ஒவ்வொருவருக்கும் வேறு டேட்டா கிடைக்கச் செய்யுங்கள். ஏஐ எழுதிக்கொடுத்ததை அதுவும் கண்டுபிடிக்காது. அதற்கு வாரம் சிலரைக் கூப்பிட்டு, அவர்கள் கோடிலேயே ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கலாம்.

முதல் அசைன்மென்டில் இயந்திரத்தை முழுக்க நம்ப வேண்டாம். பத்து நோட்புக்கை எடுத்து நீங்களும் கையால் திருத்துங்கள். இரண்டு மதிப்பெண்ணும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே பெரும்பாலும் தப்பு டெஸ்டில்தான் இருக்கும். மதிப்பெண் வெளியிட்ட பிறகு ஒரு மாணவர் வந்து காட்டினாலும் அப்படித்தான். டெஸ்டைச் சரிசெய்து 120 பேருக்கும் மறுபடி ஓட்டிவிடுங்கள், சண்டைக்கு வந்தவருக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.