எடையை முதலில் ஒழுங்காகக் கூட்டுங்கள், வேகக் கணக்கு அப்புறம்

கேள்வி: "34 அடி நீளத்தில் ஒரு எஃகுப் பாய்ப்படகை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் எடையையும், பாய் விரித்தால் எவ்வளவு வேகம் போகும் என்பதையும் தண்ணீரில் இறக்கும் முன்பே கணிக்க முடியுமா?"

முடியும். ஆனால் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் எடையை நீங்கள் ஏற்கெனவே நம்பத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது அந்த வரைபடத்தில் உள்ள படகின் எடை. உங்கள் கொட்டகையில் நிற்பது வேறு படகு. இதை நான் 8 டன் விலை கொடுத்துக் கற்றேன். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பிளேட் ஃபிட்டராகவும் வெல்டராகவும் 19 வருடம் வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியா வந்தேன். பிரிஸ்பேனுக்கு வடக்கே ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற விவசாயி, தன் தோட்டத்துக் கொட்டகையில் உங்களுடையதைப் போலவே 34 அடிப் படகு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வெல்டிங்குக்கு ஆள் தேடினார், நான் போனேன். பிறகு பாதிப் பங்கும் எடுத்துக்கொண்டேன். நான் போனபோது உடல் தகடு முழுக்க ஏற்றியாகிவிட்டது.

முதல் நாளே தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்துத் தகட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். வரைபடத்தில் உடலுக்கு 4 மி.மீ., மேல்தளத்துக்கும் கேபினுக்கும் 3 மி.மீ. கையில் இருந்தது 5, 4. கடையில் அன்று அதுதான் கிடைத்ததாம். "ஒரு மில்லிமீட்டர்தானே, பலம்தானே" என்றார்.

அந்த ஒரு மில்லிமீட்டரைக் கணக்குப் போடுங்கள். எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு, 7.85 கிலோ. இந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் படகின் உடல் சுமார் 36 சதுர மீட்டர்: 283 கிலோ கூடுதல். மேல்தளமும் கேபினும் 28 சதுர மீட்டர்: 220 கிலோ. ஆக அரை டன். ஒரு திருகாணி கூட இன்னும் போடவில்லை. நீளவாட்டு விறைப்புக்கு ஃப்ளாட் பார் (தட்டைப் பட்டை) வர வேண்டிய இடத்தில் ஆங்கிள் (L வடிவக் கம்பி) போட்டிருந்தார், அதில் இன்னொரு 180 கிலோ. உள்ளே பிளைவுட் வர வேண்டிய இடத்தில் எல்லாம் கெட்டி மரம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பத்தி: எடை, பின்முனையிலிருந்து தூரம், கீலின் (படகின் அடியில் பாரத்தோடு நிற்கும் நடுத்தண்டு) அடியிலிருந்து உயரம். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் பாரத்தின் மையம் எங்கே விழுகிறது என்று தெரியும். உயரத்தையும் அப்படியே. தூக்க முடிந்ததைக் குளியலறைத் தராசில் நிறுத்தேன், முடியாததை அளந்து கணக்குப் போட்டேன். 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 60 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 140. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல் 0.85. வெல்டிங்குக்கும் பெயின்டுக்கும் பட்டிக்கும் எஃகின் எடையில் சில சதவீதம் தனியாக வைக்க வேண்டும். நான் குறைவாக வைத்துவிட்டேன், அதற்குக் கீழே வருகிறேன்.

"இதற்கெல்லாம் ஃப்ரீஷிப், டெல்ஃப்ட்ஷிப் என்று மென்பொருள் இருக்கிறதே, இவர் ஏன் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்" என்று யாராவது கருத்துப் போடுவார்கள். நானும் அவற்றைப் பயன்படுத்தினேன். படகு எவ்வளவு தண்ணீரை விலக்கும் என்பதை அவை அழகாகச் சொல்லும். ஐந்து மி.மீ. தகட்டை யார் வாங்கினார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. மரைன் இன்ஜினியரிங் படித்தவர்கள் என் குணகங்களில் குறை கண்டால் திருத்துங்கள், கோபமில்லை. நான் தருவது கொட்டகையில் நிற்பவனுக்கான தோராயம்.

விலக்கும் தண்ணீரைக் கையாலேயே பார்க்கலாம். நீர்மட்ட நீளம் 8.8 மீட்டர், நீர்மட்ட அகலம் 2.9, கீல் நீங்கலாக உடலின் ஆழம் 0.62. மூன்றையும் பெருக்கி, உடல் பெட்டி போல் இல்லாமல் ஓரங்களில் குறுகுவதால் 0.4-ஆல் பெருக்கினால் 6.3 கன மீட்டர். கீலுக்கு 0.3 சேர்த்தால் 6.6. கடல்நீர் கன மீட்டருக்கு 1,025 கிலோ, ஆக 6.8 டன். வரைபடமும் அதைத்தான் சொன்னது, பாதித் தொட்டித் தண்ணீரும் சாமான்களும் சேர்த்து. ஆக அந்த உடல் 6.8 டன் சுமக்கத்தான் வரையப்பட்டது. அதற்கு மேல் ஏற்றினால் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

இறக்கும் நாளில் பாய்மரம் ஏற்றவில்லை, தொட்டிகள் காலி, சங்கிலி இல்லை. பெரியவர் கணக்கு 5.9 டன். என் நோட்டு 7.05. அவருக்கு என் மேல் வருத்தம், இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. கிரேன்காரர் பட்டையை மாட்டித் தூக்கியதும் தராசுத் திரையில் எண்கள் ஓடி 7.20-இல் நின்றன. கொக்கி லேசாக ஆட ஆட 7.18, 7.21 என்று அலைந்து மறுபடி 7.20. யாரும் பேசவில்லை. பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். அந்த 150 கிலோ பிசகு, நான் சொன்ன வெல்டிங், பட்டி, அப்புறம் வயரிங்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் ஒரு பார்ஜ் கட்டும்போது விறைப்புக் கம்பிகளை மாற்றியதால் எடை ஏறுகிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உன் வேலை வெல்டிங், அதைப் பார்" என்றார். இறக்கியபோது நினைத்ததைவிட ஆழமாக உட்கார்ந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறக்கும் விழாவுக்குத் தகடு அடித்த எங்களில் ஒருவரையும் அழைக்கவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஊரில் கல்யாண வீடுகளில் இன்னும் "வெல்டர்தானே" என்று அறிமுகம் செய்கிறார்கள். தகட்டைத் தொட்டே தடிமன் சொல்லும் எத்தனையோ பேர் அந்தப் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னவர் யாருமில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாய்மரம், கயிறுகள், பாய், சங்கிலி, பாதித் தண்ணீர் எல்லாம் ஏற்றினால் 8.1 டன். இதைத் தண்ணீரிலேயே சரிபார்த்தேன். நீர்மட்டத்தில் படகின் பரப்பு, நீளம் × அகலம் × 0.68, சுமார் 17.4 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமுங்க 178 கிலோ வேண்டும். காற்றில்லாத ஒரு காலையில் சின்னப் படகில் போய் டேப் பிடித்துப் பார்த்தேன். வரைபடத்தின் நீர்மட்டத்தில் நாங்கள் அடித்திருந்த சிவப்புக் கோடு முன்னால் 4 செ.மீ., பின்னால் 11 செ.மீ. முங்கியிருந்தது. சராசரி 7.5, அதாவது 1,335 கிலோ. கணக்குக்குக் கணக்கு ஒத்துவந்தது.

அந்தப் பின்பக்கத்தை முதலில் பிடித்தது நானல்ல. வீடியோ அழைப்பில் அப்பாவுக்குப் படகைக் காட்டினேன். ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போனவர். "அணியம் தூக்கலா நிக்குதே தம்பி, பின்னால என்ன ஏத்தி வச்சிருக்க?" என்றார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். பின்னால் இன்ஜின், பேட்டரிகள், டீசல் தொட்டி மூன்றும் இருந்தன. பேட்டரிகளைப் பாய்மரத்தடிக்கு நகர்த்தினோம்.

இப்போது வேகம். உச்ச வேகம் பெரும்பாலும் நீர்மட்ட நீளத்தின் கையில் இருக்கிறது. மீட்டரில் நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்குங்கள். 8.8 மீட்டருக்கு 7.2 நாட் (மணிக்கு 7.2 கடல் மைல்). 6.8 டன்னானாலும் 8.1 டன்னானாலும் இந்த எண் பெரிதாக மாறாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடை கடிக்கும் இடம் மெல்லிய காற்று. பாயின் பரப்பை, விலக்கும் கன அளவின் 2/3 அடுக்கால் (கனமூலத்தின் வர்க்கத்தால்) வகுங்கள். 55 சதுர மீட்டர் பாய்க்கு வரைபடப் படகில் 15.6 வந்தது, எங்கள் படகில் 13.9. பயணப் படகுக்கு 16-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 14-க்குக் கீழே போனால் இன்ஜினை நம்பித்தான் ஓட்ட வேண்டும் என்பது வழக்கம். பிரிஸ்பேனை ஒட்டிய மோர்டன் விரிகுடாவில் 8 நாட் காற்றில், காற்று வரும் திசையை ஒட்டிச் சாய்வாக ஏறும்போது எங்களுக்கு 3 நாட்தான் கிடைத்தது.

பழைய 15.6-ஐ எட்ட 62 சதுர மீட்டர் வேண்டும். அணியத்தில் 80 செ.மீ. கம்பு நீட்டி மெல்லிய காற்றுக்கென்று பெரிய பாய் ஒன்று போட்டோம், 12 நாட்டைத் தாண்டினால் சுருட்டிவிடுவோம். அதே காற்றில் இப்போது 3.7 போகிறது.

பெரியவர் வேறு வழி சொன்னார்: கீலில் உள்ள 2,300 கிலோ ஈயத்தில் 400 கிலோவை எடுத்துவிடலாம் என்று. சாய்ந்த படகை நிமிர்த்துவதே அந்த ஈயம்தான், நான் கையை வைக்க விடவில்லை. மொத்த எடையில் ஈயத்தின் பங்கு ஏற்கெனவே 34 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியிருந்தது, கூடுதல் தகடோ தலைக்கு மேலே. அதனால் ஆட்டிப் பார்த்தோம். கரையோரம் பக்கவாட்டில் அசைத்துவிட்டுப் பத்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்தேன்: 31 நொடி. படகின் அகலம் 3.3 மீட்டரை 0.8-ஆல் பெருக்கி, ஓர் ஆட்ட நேரமான 3.1-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தினால் 0.73 மீட்டர். நிமிரும் திறனுக்கு இது தோராய அளவு. இருக்கிறதை வைத்துக்கொள்ளலாம், குறைக்க இடமில்லை.

எஃகே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு மாலுமி மொய்த்தெசியே 1968-69-இல் உலகை ஒன்றரைச் சுற்றுச் சுற்றித் தாஹிட்டியில் போய் நின்ற ஜோஷ்வா 12 மீட்டர் எஃகுப் படகு, பாய்மரங்கள் தொலைபேசிக் கம்பங்கள். எங்கள் படகும் 15 நாட் பக்கக் காற்றில் ஆறு நாட்டுக்கு மேல் அலையை வெட்டிக்கொண்டு போகிறது. சுக்கானைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரியும்.

உங்கள் உடல், மேல்தளத் தகடுகளின் தடிமன், நீர்மட்ட நீளம், அகலம், பாயின் பரப்பு, இவற்றைக் கீழே எழுதுங்கள். தடிமனை ரசீதைப் பார்த்து எழுதாமல் வெர்னியர் வைத்துப் பார்த்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டித் தருகிறேன்.